ஒரே நடைக்கு இரண்டு கணக்கு: கைக்கடிகாரத் தரவையும் வீட்டு உடற்பயிற்சிக் கருவியின் தரவையும் இணைப்பது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மைத்துனர், ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும், சில்வர் பீச்சில் நடக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு மாடியறையில் ஒரு ட்ரெட்மில் வாங்கிப் போட்டார். கையில் ஏற்கெனவே ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருந்தார். முதல் நாள் சரியாக அரை மணி நேரம் நடந்துவிட்டு இறங்கியபோது, ட்ரெட்மில்லின் திரை 3.20 கிலோமீட்டர், 197 கலோரி என்றது; கைக்கடிகாரம் 2.71 கிலோமீட்டர், 131 கலோரி என்றது. இரண்டிடமிருந்தும் தகவல் வாங்கும் கைப்பேசிச் செயலியோ எல்லாவற்றையும் கூட்டி, 1 மணி நேரத்தில் 5.91 கிலோமீட்டர் நடந்து 328 கலோரி செலவழித்ததாகப் பாராட்டியது. அந்தத் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "மாமா, இதில் எது நிஜம்?" என்று கேட்டிருந்தார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எழுதிய பதிலின் விரிவு.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு படகு கரைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படகில் வந்தவர்கள் 40 பெட்டி மீன் என்கிறார்கள். ஏலம் விடுபவரும் எண்ணிப் பார்த்து 40 பெட்டி என்று நோட்டில் எழுதுகிறார். இரண்டு நோட்டையும் கூட்டி 80 பெட்டி வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏலக்காரர் 38 என்று எழுதியிருந்தால், கூட்டவும் மாட்டார்கள், 39 என்று நடுவாகப் பிரித்துக்கொள்ளவும் மாட்டார்கள். பெட்டியைத் தொட்டு எண்ணியவர் யார், குத்துமதிப்பாகச் சொன்னவர் யார் என்றுதான் விசாரிப்பார்கள். உடற்பயிற்சித் தரவை இணைக்கும்போதும் செய்ய வேண்டியது இந்த விசாரணையே. ஒவ்வொரு அளவுக்கும், எந்தக் கருவி அதை நேரடியாக அளக்கிறது, எது வேறொன்றை அளந்துவிட்டு இதை ஊகிக்கிறது என்று தெரிந்துகொண்டால், இணைப்பின் பெரும்பகுதி முடிந்தது.

கைக்கடிகாரத்திலிருந்து தொடங்குவோம். அதன் அடிப்புறத்தில் மினுங்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் பெருகித் தணிவதால், திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு 128 என்கிறது கடிகாரம். மார்பில் கட்டும் பட்டையின் வழி வேறு: அது இதயத்தின் மின்னலையையே தோலின் மேலிருந்து பிடிக்கிறது. 1977-இல் பின்லாந்தில் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லாத மார்புப் பட்டையை விளையாட்டு வீரர்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், வேகத்தைச் சட்டென்று கூட்டிக் குறைக்கும் பயிற்சிகளில் அந்தப் பட்டையே மணிக்கட்டு விளக்கைவிட நம்பகமானது. நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வையால் கடிகாரம் வழுக்கித் தளரும்போது இந்த வேறுபாடு இன்னும் கூடுகிறது. ஒரு விசித்திரமான பிழையையும் கவனித்திருக்கிறேன்: தளர்ந்த கடிகாரம் இதயத் துடிப்பை விட்டுவிட்டு, கை ஆடும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடுபவருக்குத் துடிப்பும் அசையாமல் 160 என்றே நின்றால், அதை நம்ப வேண்டியதில்லை.

தூரம் என்று வந்தால் கடிகாரத்துக்கு இரண்டு முகங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில், வாகனங்களுக்கு மூடியிருக்கும் அதிகாலையில் நடக்கும்போது, அது ஜி.பி.எஸ். உதவியால் இடத்தை அறிந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. அறைக்குள் அந்த உதவி இல்லை. கை எத்தனை முறை வீசப்பட்டது என்பதை, அசைவை உணரும் முடுக்கமானியால் எண்ணி, ஓர் அடியின் நீளம் இவ்வளவு இருக்கும் என்ற அனுமானத்தால் பெருக்குகிறது. என் மைத்துனர் புது ட்ரெட்மில்லில் விழுந்துவிடக் கூடாதே என்று முதல் பத்து நிமிடம் இடது கையால் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார். கடிகாரம் அந்த இடது கையில்தான் இருந்தது. கால் நடந்தது, கை நடக்கவில்லை. ஆகவே காணாமல்போன அரை கிலோமீட்டரைப் பற்றி ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ட்ரெட்மில்லுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. உருளை எத்தனை முறை சுழன்றது என்பதை உள்ளேயிருக்கும் உணரி எண்ணுகிறது. பட்டை நகர்ந்த நீளமே தூரம். மணிக்கு 6.4 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் என்றால் 3.20 கிலோமீட்டர், அவ்வளவுதான். அந்த வேகமே சரிதானா என்ற சந்தேகம் வந்தால், வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பட்டையின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தையல்காரரின் டேப்பால் பட்டையின் முழுச் சுற்றளவையும் சிறிது சிறிதாக நகர்த்தி அளந்துகொள்ளுங்கள். அது 2.9 மீட்டர் என்று வந்தால், 20 சுற்றுக்கு 58 மீட்டர். திரையில் 6 கிலோமீட்டர் வேகம் வைத்து, கோடு 20 முறை வந்து போவதற்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள்: 35 நொடியை ஒட்டி வந்தால் திரை உண்மை சொல்கிறது, 38 நொடி ஆனால் திரை காட்டும் வேகத்தைவிடப் பட்டை மெதுவாக ஓடுகிறது. ஆள் ஏறி நிற்கும்போது பட்டையின் வேகம் சற்றே குறையும் கருவிகளும் உண்டு என்பதால், இந்தச் சோதனையை ஒருவர் நடந்துகொண்டிருக்க இன்னொருவர் எண்ணிச் செய்வது நல்லது.

வீட்டு எக்சர்சைஸ் சைக்கிளில் கதை மாறுகிறது. நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிள் காட்டும் கிலோமீட்டர் ஒரு மரியாதைக்கான எண் மட்டுமே. அதை எந்தத் தரவோடும் இணைக்காமல் விட்டுவிடலாம். அதில் பொருளுள்ள அளவு வாட், அதாவது ஒவ்வொரு நொடியும் மிதிகட்டையில் நீங்கள் செலுத்தும் ஆற்றல். சில கருவிகள் மிதிவிசையை உணரி வைத்து அளக்கின்றன. விலை குறைந்தவை, மிதிப்பதைக் கடினமாக்கும் தடையின் எண்ணையும் நிமிடத்துக்கு எத்தனை மிதி என்பதையும் ஓர் அட்டவணையில் பொருத்திப் பார்த்து வாட்டை ஊகிக்கின்றன. வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

கலோரியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் பார்ப்பது அந்த ஓர் எண்ணைத்தான். அதை இரண்டு கருவிகளும் அளப்பதில்லை, இரண்டுமே ஊகிக்கின்றன. மைத்துனரின் 197-க்கும் 131-க்கும் இடையே 66 கலோரி வேறுபாடு. உடற்பயிற்சி அறிவியலில் மெட் என்று ஓர் அலகு உண்டு: சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகும் என்று கொள்வதே 1 மெட். சுறுசுறுப்பான நடையைச் சுமார் 5 மெட் என்று எடுத்துக்கொள்வார்கள். மெட்டை 3.5-ஆலும் உடல் எடையாலும் பெருக்கி 200-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கான கலோரி கிடைக்கும். ட்ரெட்மில்லின் அமைப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன்; கடையிலிருந்து வந்தபடியே எடை 75 கிலோ என்று இருந்தது. அவர் எடை 62. 75 கிலோவுக்கு அரை மணி நேரத்தில் 197 வருகிறது. 62 கிலோவுக்கு 163-தான். மிச்ச வேறுபாடு 32. அந்த அரை மணி நேரம் அவர் நடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் உடல் சுமார் 32 கலோரி செலவழித்திருக்கும். ட்ரெட்மில் அதையும் சேர்த்துச் சொல்கிறது, கடிகாரமோ நடையால் கூடுதலாகச் செலவானதை மட்டும் சொல்கிறது. கடிகாரம் துடிப்பையும் சேர்த்து வேறு வழியில் கணக்கிடுவதால், கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில் தற்செயலுக்கும் பங்குண்டு. ஆனாலும் மொத்தக் கலோரி, செயல்பாட்டுக் கலோரி என்ற இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் இருப்பதை எந்தத் திரையும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை என்பதே என் மனக்குறை.

வாட்டை நேரடியாக அளக்கும் சைக்கிள் இருந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். 150 வாட்டில் அரை மணி நேரம் மிதித்தால் செய்த வேலை 270 கிலோஜூல். பேச்சுவழக்கில் நாம் கலோரி என்று சொல்லும் 1 கிலோகலோரி என்பது 4.184 கிலோஜூல். உடல் தான் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் மிதிகட்டைக்கு அனுப்புகிறது, மீதி வெப்பமாகிவிடுகிறது. இவ்விரண்டு விகிதங்களும் ஏறத்தாழ ஒன்றையொன்று அடித்துவிடுவதால், 270 கிலோஜூல் வேலைக்குச் சுமார் 270 கலோரி என்று மனக்கணக்காகவே எழுதிக்கொள்ளலாம். ஆகவே சைக்கிளில் வாட்டும் கலோரியும் கருவியிடமிருந்து, துடிப்பு கடிகாரத்திடமிருந்து அல்லது மார்புப் பட்டையிடமிருந்து என்பதே என் தேர்வு.

இனி, இந்தத் தரவு எந்த வழியாக ஓரிடத்தில் சேர்கிறது என்று பார்ப்போம். பயிற்சி நடக்கும்போதே சேர்ப்பது ஒரு முறை. 2010-இல் வந்த ப்ளூடூத் 4.0, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஒரு வகையைக் கொண்டுவந்தது. அதன் மேல் இதயத் துடிப்பை எப்படி அனுப்புவது என்ற பொது ஒழுங்கு உருவானது. ட்ரெட்மில், சைக்கிள், துடுப்பு இயந்திரம் போன்றவை வேகம், தூரம், சாய்வு, வாட் ஆகியவற்றை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு 2017-இல் எஃப்.டி.எம்.எஸ். என்ற ஒழுங்கு வந்தது. இதற்கு முன்பிருந்தே ஆன்ட் பிளஸ் என்ற வேறொரு கம்பியில்லா முறையும் புழக்கத்தில் உள்ளது. அதை உருவாக்கிய டைனாஸ்ட்ரீம் நிறுவனத்தை 2006-இல் கார்மின் வாங்கியது. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கருவியின் பெட்டியில் இவற்றில் ஒன்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கருவி தன் சொந்தச் செயலியோடு மட்டுமே பேசும் ஊமைப்பிள்ளையாக இருக்கக்கூடும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த முதல் முறையைத்தான். பல கைக்கடிகாரங்களில் துடிப்பை ஒலிபரப்பும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு ட்ரெட்மில்லையோ சைக்கிளையோ அதைக் கேட்கச் செய்தால், தூரமும் வாட்டும் துடிப்பும் ஒரே பதிவில், ஒரே கடிகாரத்தின் நேரப்படி, நொடிக்கு நொடி வரிசையாக விழுகின்றன. பின்னால் ஒட்டுப்போட வேண்டிய வேலையே இல்லை. கடிகாரத்தில் தனியாகப் பயிற்சியைத் தொடங்காமல் இருப்பது மட்டும் முக்கியம், இல்லாவிட்டால் மீண்டும் இரண்டு பதிவு.

இரண்டாவது முறை, தனித்தனியே பதிவானவற்றை ஒரு பொதுக் கிடங்கில் சேர்ப்பது. ஐபோனில் ஆப்பிள் 2014-இல் ஹெல்த்கிட் என்ற கிடங்கை அறிமுகப்படுத்தியது. ஆண்ட்ராய்டில் 2022-இல் அறிவிக்கப்பட்ட ஹெல்த் கனெக்ட், 2023-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14-இலிருந்து இயங்குதளத்தின் அங்கமாகவே இருக்கிறது. கடிகாரத்தின் செயலியும் ட்ரெட்மில்லின் செயலியும் இதில் எழுதுகின்றன, மற்றச் செயலிகள் இதிலிருந்து படிக்கின்றன. ஒரே அளவை இரண்டு பேர் எழுதினால் யாரை முதலில் நம்புவது என்று வரிசைப்படுத்தும் வசதி இரண்டிலும் உண்டு. ஆனால் கிடங்கு ஒழுங்காக இருந்தாலும், அதிலிருந்து எல்லாப் பதிவுகளையும் அள்ளிக்கொண்டு போய்த் தானே கூட்டிக்கொள்ளும் செயலியை அந்த வரிசை தடுக்காது. மைத்துனருக்கு நேர்ந்தது அதுதான்.

மூன்றாவது, கோப்புகளாக இறக்கி நாமே இணைப்பது. எஃப்.ஐ.டி., டி.சி.எக்ஸ். என்ற வகைப் பயிற்சிப் பதிவுக் கோப்புகள் இதற்குப் பயன்படுகின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: எஃப்.ஐ.டி. கோப்பு நேரத்தை 1989 டிசம்பர் 31-இலிருந்து நொடிகளாக எண்ணுகிறது, கணினி உலகின் வழக்கமோ 1970 ஜனவரி 1-இலிருந்து. இதை மறந்தால் 2025-இல் மிதித்த சைக்கிள் 2005-இல் மிதித்ததாகப் பதிவாகும்.

நேரத்தைப் பற்றிய தொல்லை நிரலாளர்களோடு நின்றுவிடுவதில்லை. மார்கழியில் நான் புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் அதிகாலை 5 மணிக்குச் சைக்கிள் மிதிப்பது வழக்கம். கடிகாரம் செவ்வாய்க்கிழமை 5 மணி என்று எழுதியது. சைக்கிளின் செயலியோ திங்கட்கிழமை இரவு 11.30 என்று எழுதியது. சைக்கிள் நிறுவனத்தின் சர்வர் உலகப் பொது நேரத்தில் பதிந்துவிட்டு, அதை இந்திய நேரத்துக்கு மாற்றாமலே திருப்பி அனுப்பியிருந்தது. நம் நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை 5.30-க்கு முன் தொடங்கும் எந்தப் பயிற்சியும் முந்தைய நாளின் கணக்கில் போய் விழும். அதற்குப் பின் தொடங்கினால் நாள் சரியாக இருக்கும், மணி மட்டும் தவறாக இருக்கும் என்பதால், தாமதமாக எழுபவர்கள் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்காமலே மாதக்கணக்கில் காலம் தள்ளலாம். செயலிகள் இரண்டு பதிவுகளின் நேரம் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று பார்த்துத்தான் இது ஒரே பயிற்சி என்று முடிவு செய்கின்றன. ஐந்தரை மணி நேரம் விலகி நிற்கும் இரண்டு பதிவுகளை எந்தச் செயலியாலும் சேர்த்துப் பார்க்க முடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு இன்னொன்றைக் கற்றேன். மின்சாரம் போய் வந்ததும், வைஃபை இன்னும் வராத நிலையில் சைக்கிளின் உள்கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குத் திரும்பியிருந்தது. அந்த இரண்டு நாட்களின் பயிற்சி இன்றும் அந்தப் பழைய ஆண்டிலேயே கிடக்கிறது. மின்வெட்டுக்குப் பின் கருவியை ஒருமுறை இணையத்தில் இணைத்து, தேதியைப் பார்த்துவிட்டு ஏறுவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சில நொடிகள் மட்டுமே விலகியிருக்கும் பதிவுகளைப் பொருத்த, இரண்டு கருவிகளும் நேரடியாக உணரும் ஒரு நிகழ்வைத் தேட வேண்டும். துடுப்பு இயந்திரத்தில் ஒவ்வொரு இழுப்பையும் மணிக்கட்டும் உணர்கிறது, இயந்திரமும் உணர்கிறது; அவ்விரண்டையும் பொருத்தலாம். சைக்கிளில் கை அசையாததால் அந்த வழி இல்லை. வாட் ஏறிய நொடியையும் துடிப்பு ஏறிய நொடியையும் பொருத்திவிடலாமே என்று தோன்றும், அது தவறு. கால் வேகமெடுத்த பின் இதயம் அதற்கு ஈடாக ஏறிவரப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதம் உங்கள் உடலைப் பற்றிய தகவல். அதைப் பிழை என்று எண்ணித் திருத்தினால் இணைத்ததன் பயனில் ஒரு பகுதியை நாமே அழித்துவிடுகிறோம்.

விடுபட்ட இடங்களிலும் இதே கவனம் வேண்டும். முப்பது நிமிடப் பயிற்சியில் ஐந்து நிமிடம் துடிப்புப் பதிவாகவில்லை, மற்ற இருபத்தைந்து நிமிடமும் சராசரி 132 என்று கொள்வோம். விடுபட்டதை வெற்றிடமாகவே விட்டால் சராசரி 132. ஏதோ ஒரு செயலி அங்கே சுழியம் போட்டுவிட்டால் சராசரி 110 ஆகிவிடும். துடிப்பு சுழியமாக இருந்தவர் மிதித்திருக்க முடியாது என்பது நமக்குத் தெரியும், செயலிக்குத் தெரியாது.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்டால், ஒரு கருவி தனியாகச் சொல்ல முடியாத ஒன்றை இரண்டும் சேர்ந்து சொல்லும் என்பதற்காகத்தான். சைக்கிள் நீங்கள் செய்த வேலையைச் சொல்கிறது. கடிகாரம் அதற்கு உடல் கொடுத்த விலையைச் சொல்கிறது. தை மாதக் காலையில் 120 வாட்டுக்கு 134 துடித்த இதயம், கத்திரி வெயிலில் அதே 120 வாட்டுக்கு 148 துடிக்கலாம். கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர், இன்று நன்றாக உழைத்தேன் என்று மகிழ்வார். சைக்கிளை மட்டும் பார்ப்பவர், எல்லாம் வழக்கம்போல் என்பார். புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோட, உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதாலும், நீர் குறைந்து ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைவதாலும் இதயம் வேகம் கூட்டுகிறது. ஒரே பயிற்சிக்குள்ளும் இதைக் காணலாம்: வாட் மாறாமலிருக்க, முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். மின்விசிறியைச் சைக்கிளுக்கு எதிரே நகர்த்தி வைத்தால் அந்த ஏற்றம் குறைகிறதா என்று பார்ப்பதுதான் இணைத்த தரவைக் கொண்டு ஒருவர் செய்யக்கூடிய முதல் சோதனை, எனக்குக் குறைந்தது. வெயிலும் புழுக்கமும் விளக்க முடியாத வகையில், வழக்கமான வாட்டுக்குப் பல நாட்கள் தொடர்ந்து துடிப்பு கூடுதலாக இருந்தாலோ, பயிற்சியின்போது நெஞ்சில் அசௌகரியம் தோன்றினாலோ, வரைபடத்தை ஆராய்ந்துகொண்டிராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தனியுரிமை குறித்து இரண்டே வாக்கியம். இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுவிட்டாலும், எந்தச் செயலிக்கு எதைப் படிக்க அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று அவ்வப்போது திறந்து பார்ப்பது நம் வேலை. பழைய ட்ரெட்மில்லை விற்கும்போது அதிலிருந்து கணக்கை நீக்காமல் விற்றால், வாங்கியவரின் நடை உங்கள் பெயரில் ஏறும்.

மைத்துனருக்கு மூன்று மாற்றங்கள் சொன்னேன். கிடங்கில் தூரத்தை எழுதும் உரிமையை ட்ரெட்மில்லுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னேன். கடிகாரத்தில் தனிப் பயிற்சி தொடங்காமல் துடிப்பை ஒலிபரப்ப மட்டும் வைக்கச் சொன்னேன். எடையை 62 என்று திருத்தச் சொன்னேன். மறுநாள் மாலை அதே அரை மணி நேரம், அதே வேகம். ஒரே பதிவு வந்தது: 30 நிமிடம், 3.20 கிலோமீட்டர், 163 கலோரி, சராசரித் துடிப்பு 118. படத்தோடு ஒரு வரியும் வந்தது: "எல்லாம் சரியாகிவிட்டது மாமா, ஆனால் நேற்றைக்கு இன்று பாதிதான் நடந்திருக்கிறேன் என்று செயலி வருத்தப்படுகிறது."